நாரை பார்க்கும் திசை

வேடந்தாங்கல் கரையில் முதல்முறை நின்ற அன்று நான் செய்த வேலை எண்ணுவது. கையில் நோட்டு, கழுத்தில் இரவல் பைனாகுலர். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மேல்கிளையிலிருந்து எண்ணத் தொடங்கினேன். முப்பதைத் தொடுவதற்குள் நான்கு பறந்துவிட்டன, ஆறு வந்து சேர்ந்தன. மறுபடி ஒன்றிலிருந்து. மூன்றாம் முறையும் தோற்றபோது, தோளில் துண்டோடு பக்கத்தில் நின்றிருந்த உள்ளூர்ப் பெரியவர் சிரித்துவிட்டார்.

“எண்ணி இன்னா தம்பி பண்ணப் போற? அதுங்க எந்தப் பக்கம் பாத்து ஒக்காந்திருக்குதுன்னு பாரு.”

பார்த்தேன். நாரை, கொக்கு, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் என்று ஆளுக்கொரு குரலில் கத்திக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் முகம் வைத்திருந்தது. தேர் திரும்பும் தெருமுனையை ஊரே பார்த்து நிற்குமே, அப்படி.

“வடக்கால பாக்குதா? வாடை. இன்னிக்கு மழை கெடையாது. கெழக்கால திரும்புச்சுன்னா கொடைய எடுத்துக்க.”

அன்றைக்கு விட்டதுதான் எண்ணும் பழக்கம். அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலங்கள் அந்தக் கரையில் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் பார்ப்பது பறவை எது என்பதை அல்ல, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான்.

காரணம் எளிது. பறவையின் உடம்பில் இறகுகள் ஓட்டுக்கூரை போல முன்னிருந்து பின்னாக ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. காற்று முகத்தில் அடித்தால் கூரை அழுந்திப் படியும். முதுகுப்பக்கமிருந்து அடித்தால் ஓடெல்லாம் தூக்கிக்கொள்ளும், உள்ளே குளிர் புகும். இறங்கும்போதும் எழும்போதும்கூடக் காற்றை எதிர்கொண்டால்தான் உடம்பு தன் வசம் இருக்கும். அதனால் நாரை நிறைந்த மரம் என்பது ஆயிரம் முள் கொண்ட ஒரு காற்றுக்காட்டி.

இதற்கு மேலே ஒரு படி இருக்கிறது. 1857-இல் பைஸ் பாலட் என்ற டச்சு வானிலை அறிஞர் ஒரு விதியை எடுத்துச் சொன்னார். பூமியின் வடபாதியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உன் இடது கைப்பக்கம் இருக்கும். நாரை நிற்பது காற்றுக்கு முகம் காட்டி. எனவே அதற்குத் தாழ்வழுத்தம் வலது பக்கம், சரியாகச் சொன்னால் வலது தோளுக்குச் சற்றுப் பின்னால். கார்த்திகை மாதத்தில் மரத்து நாரைகள் எல்லாம் வடகிழக்கைப் பார்த்து இறுகி உட்கார்ந்திருந்தால், அவற்றின் வலது தோள் காட்டும் இடம் தென்கிழக்கு வங்கக்கடல். அங்கே ஏதோ சுழன்று திரண்டுகொண்டிருக்கிறது. முகங்கள் மெல்லக் கிழக்கே திரும்பினால் அது நமக்குத் தெற்கே கரையேற வருகிறது. வடமேற்கே திரும்பினால் நம்மைக் கைவிட்டு ஆந்திரக் கரைக்குப் போகிறது. கடற்காற்று வீசும் சாதாரண நாட்களில் இந்தக் கணக்கு செல்லாது. ஆனால் புயல் சின்னம் உருவாகும் நாட்களில், கையில் செல்போன் இல்லாமல் வங்கக்கடலைப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பெரியவருக்கு பைஸ் பாலட்டைத் தெரியாது. ஆனால் ‘கொண்டல்’ என்ற சொல் தெரியும். தமிழில் அந்தச் சொல்லுக்குக் கீழ்க்காற்று என்றும் பொருள், மேகம் என்றும் பொருள். காற்றையும் மழையையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி, கிழக்குக் கரையில் வாழ்ந்தவர்கள் ஆக்கிய மொழி.

நான் சொல்லவருவது இதைத்தான். பறவை பார்ப்பது ஒரு கலை, வானம் பார்ப்பது இன்னொரு கலை என்று பிரித்துவைத்திருக்கிறோம். ஏரிக்கரையில் இரண்டும் ஒன்றே. வானிலை எழுதுகிறது, பறவை அதை உரக்கப் படித்துக்காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் ஏரி முழுசாகக் கிடைக்கும்.

*

இந்தக் கலையைப் பழக வேடந்தாங்கலை விடத் தோதான இடம் அமைவது கடினம். சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைக் கடந்து, படாளம் கூட்டுரோட்டில் திரும்பினால் வயல் நடுவே ஊர். ஏரி மொத்தமே ஏறக்குறைய 30 ஹெக்டேர். ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். பெரிய காடுகளில் விலங்கு நம்மைப் பார்த்துவிட்டுப் போய்விடும், நாம் அதன் சாணத்தைப் பார்த்துத் திரும்புவோம். இங்கே கரைமேல் நடைபாதையில் நின்றால் போதும், குடும்பம் குடும்பமாக எல்லாம் கண்முன் நடக்கும்.

ஊர்ப் பெயரை வேடர் என்ற சொல்லோடு இணைத்து விளக்குவார்கள். எனக்குப் பிடித்தது பின்பாதி. தாங்கல் என்றால் சிறிய ஏரி. மழைநீரைத் தாங்கி வைப்பது. செங்கல்பட்டுப் பகுதிக்கே ஏரி மாவட்டம் என்று பெயர் உண்டு. வற்றாத ஆறு இல்லாத ஊர்களில் கரை போட்டு, மதகு வைத்து, மிகுந்த தண்ணீர் வழியக் கலங்கல் கட்டி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு ஓடும்படி சங்கிலி கோத்த மனிதர்களின் வேலை அது. நாம் ரசிக்கும் ‘இயற்கை’யின் அடியில் மண்வெட்டி இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. நாரை கூடு கட்டும் நீர், நெல்லுக்காகத் தேக்கிய நீர்.

அந்த நெல்லுக்கு நாரை கூலி கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் தண்ணீரில் கரைந்து, தழைச்சத்தும் மணிச்சத்துமாக மதகு வழியே வயலுக்குப் போகிறது. இந்த நீர் பாய்ந்தால் உரச்செலவு குறையும் என்பதை ஆய்வுக்கூடம் சொல்வதற்குப் பல தலைமுறை முன்பே ஊர் கண்டுவைத்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, சுடக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பாதுகாப்பை வழங்கிய கலெக்டர் லயனெல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி உடையப்போன மழை இரவில், கரையில் வில்லோடு காவல் நின்ற இருவரைக் கண்டதாக ஏரி காத்த ராமர் கோயில் கதை சொல்கிறதே, அந்தக் கதையில் வரும் அதே துரை. ஒரே மனிதரின் பெயர் ஓர் ஏரியின் கரையோடும் இன்னோர் ஏரியின் பறவையோடும் சேர்ந்து நிற்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகப் படும். சட்டம், சரணாலய அறிவிப்பு, 2022-இல் கிடைத்த ராம்சார் ஈரநிலத் தகுதி எல்லாம் பின்னால் வந்தவை. முதல் காவல் ஊர்க்காவல்.

*

பருவத்தை மழை தொடங்கிவைக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. ஐப்பசியில் ஏரிக்குத் தண்ணீர் வரத் தொடங்கியதும் முதலில் வந்து இடம் பிடிப்பது நத்தைகுத்தி நாரை. சாம்பல் பூசிய வெள்ளை, கறுத்த இறக்கை, பார்ப்பதற்கு எளிமையான பறவை. அலகைப் பாருங்கள். மூடினாலும் மூடாது, நடுவில் ஓர் இடைவெளி. பாக்குவெட்டி போல நத்தையை அதில் வைத்து நசுக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். உண்மையில் வேலை செய்வது அலகின் நுனி. மேலலகால் ஓட்டைத் தரையோடு அழுத்தி, சற்று முறுகியிருக்கும் கீழலகை மூடிக்கடியில் செருகி, தசையை அறுத்துச் சதையை உருவி எடுக்கிறது. ஓடு பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வரும். கூட்டில் இருப்பது குஞ்சா பெற்றோரா என்று தொலைவிலிருந்து குழம்பினால், அலகின் ஊடே வானம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து மஞ்சள்மூக்கு நாரை. இந்த மேடையின் அலங்காரப் பாத்திரம். நெஞ்சில் கறுப்புப் பட்டை, வாலோரத்தில் யாரோ கைதவறிச் சிந்திய ரோஜாப்பூ நிறம். இரை தேடும்போது அலகைத் திறந்து தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நடக்கும், காலால் சேற்றைக் கிளறும், மீன் அலகில் பட்ட கணம் மூடிக்கொள்ளும். பார்த்துப் பிடிப்பதல்ல, தொட்டுப் பிடிப்பது. வளர்ந்த நாரைக்குச் சொல்லிக்கொள்ளும்படி குரல் இல்லை. அலகைத் தட்டித்தான் பேசும். கரைவரை கேட்கும் இரைச்சல் எல்லாம் குஞ்சுகளுடையது. வீட்டுக்கு வீடு வாசற்படி.

கூழைக்கடா இறங்குவதைத் தவறவிடாதீர்கள். வானத்தில் அதைப்போல மிடுக்காகப் பறக்க ஆளில்லை. கிளையில் இறங்கும்போது அத்தனை மிடுக்கும் போய்விடும். கிளை வளைகிறது, இறக்கை அடிக்கிறது, பக்கத்துக் கூட்டுக்காரர்கள் கத்துகிறார்கள், ஒருவழியாக நிலைக்கு வந்ததும் ஒன்றும் நடக்காதது போல அலகை நெஞ்சில் சாய்த்துக்கொள்கிறது. நீர்க்காகம், கொக்கு, வக்கா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன் எல்லாம் அடுக்குமாடிக் குடித்தனமாக ஒரே மரத்தில். கூட்டுக்குச் சுள்ளி எடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று தேடிக்கொண்டு வருவது, இன்னொன்று அடுத்த வீட்டில் ஆளில்லாத நேரம் உருவுவது. இரண்டாவதைப் பார்க்க அரை மணி நேரம் ஒரே கூட்டில் கண்வைத்தால் போதும்.

இங்கே ஒரு பொதுநம்பிக்கையைத் திருத்த வேண்டும். “சைபீரியாவிலிருந்து வந்து முட்டையிட்டுப் போகின்றன” என்று கரையில் நிற்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் குழந்தைகளுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இங்கே கூடு கட்டுபவை நம் நாட்டுப் பறவைகள்தாம். தண்ணீரும் இரையும் இருக்கும் இடம் பார்த்து இடம் மாறுகின்றனவே தவிர, பனிநாட்டிலிருந்து வருவதில்லை. தொலைதூரத்திலிருந்து வருபவை நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை. அவை இங்கே குளிர்காலத்தைக் கழிக்கும், உண்ணும், உறங்கும், கூடு மட்டும் கட்டாது. பிள்ளைப்பேறு அவற்றுக்குச் சொந்த ஊரில்தான். வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் தன் பாட்டில் தூது விட்டதும் இப்படி வலசை போகும் செங்கால் நாரையை, அதுவும் தெற்கே வந்து வடக்கே திரும்பும் வழியில். வலசைப் பாதையை வறுமையிலும் கவனித்த கண் அது.

இன்னொரு கணக்கும் உண்டு. 30 ஹெக்டேர் ஏரியின் மீன் இத்தனை வாய்க்கு எத்தனை நாள் வரும்? வராது. இது படுக்கையறை, சமையலறை வேறு. காலையில் கிளம்பும் பறவைகள் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்துவிட்டுத் திரும்புகின்றன. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்ததன் பொருள் இதுதான். ஏரிக்கு மட்டும் வேலி போட்டுவிட்டு வயலை மனையாக விற்றால், கட்டிலைக் காப்பாற்றி அடுப்பை அணைத்த கதையாகும்.

*

ஒரு நாளை எப்படிப் பார்ப்பது? தை மாதத்தில் ஒரு விடியலை எடுத்துக்கொள்வோம்.

ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போது ஏரிமேல் ஆவி எழுந்துகொண்டிருக்கும். மேகமில்லாத இரவில் காற்று வேகமாகக் குளிர்ந்துவிடுகிறது, தண்ணீர் பகல் வெப்பத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. வெதுவெதுப்பான நீரிலிருந்து எழும் ஈரம் குளிர்காற்றில் பட்டுப் புகையாகிறது. ஆக, ஆவி பறக்கும் காலை என்றால் இரவு வானம் தெளிவாக இருந்தது என்று பொருள். மேகம் போர்த்திய இரவுக்குப் பின் இந்தக் காட்சி கிடைக்காது. புகைக்குள் நாமக்கோழிகள் கறுப்புப் புள்ளிகளாக நகரும். நெற்றியின் வெள்ளை நாமம் மட்டும் முதலில் தெரியும், ஆள் பின்னால் வருவார்.

வெயில் ஏறி ஒன்பது, ஒன்பதரை ஆகும்போது கண்ணை மரத்திலிருந்து எடுத்து வானத்தில் வையுங்கள். நிலம் சூடாகி, வெப்பக்காற்று தூண் தூணாக மேலெழும் நேரம். கூழைக்கடாவும் நாரையும் இறக்கையை விரித்துக்கொண்டு அதில் ஏறி, ஓர் அடிகூட அடிக்காமல் சுற்றிச் சுற்றி மேலே போய், உச்சியிலிருந்து வேண்டிய திசைக்குச் சறுக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத தூணுக்கு உருவம் கொடுப்பது அந்த வட்டம்தான். மூடம் போட்ட நாளில் இந்தத் தூண் எழாது. அன்று அவை தாழ்வாக, இறக்கை அடித்து, வேலைக்குப் போகும் களைப்போடு போகும். வட்டம் உண்டா இல்லையா என்பதை வைத்து அன்றைய நிலச்சூட்டைச் சொல்லிவிடலாம்.

உச்சிவேளையில் பார்வையாளர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அப்போதுதான். தாய் நாரையோ தந்தை நாரையோ கூட்டின் விளிம்பில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு இறக்கையையும் பாதி விரித்து, குஞ்சுகளுக்கு நிழல் போடும். சூரியன் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். காலையில் காற்றுமுள்ளாக இருந்த பறவை நண்பகலில் நிழற்கடிகாரம் ஆகிவிடுகிறது. சில நேரம் அலகு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் வாயில் விடும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கட்டையில் ஏறி இறக்கையை விரித்து உலர்த்துவதும் இந்த வெயிலில்தான். அவற்றின் இறகு நனையும். நனைவதால்தான் மிதக்காமல் எளிதாக மூழ்க முடிகிறது. மூழ்கும் வசதிக்குக் கொடுக்கும் விலை, கரையேறிக் காய்வது.

அந்திதான் உச்சம். நாலரைக்குத் தொடங்கி, மேற்கே வானம் சிவக்கச் சிவக்க வரிசை வரிசையாக வந்திறங்கும். கொக்குகள் கலைந்த வரியாக, அரிவாள்மூக்கன்கள் ஒழுங்கான சாய்கோடாக, நீர்க்காகங்கள் தாழ்வான கறுப்புக் கொத்தாக. எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். நீங்கள் அதோடு நின்றுவிடாதீர்கள். கூட்டம் வீடு திரும்பி அடங்கும் வேளையில், பகலெல்லாம் இலைமறைவில் கூனிக்கொண்டு தூங்கிய வக்கா ஒன்று கழுத்தை நீட்டும். பிறகு இன்னொன்று. ‘வக்’ என்று ஒற்றைக் குரல் கொடுத்துவிட்டு எதிர்த்திசையில் வெளியே பறக்கும். ஷிப்ட் மாறுகிறது. வருபவையும் போகிறவையும் வானில் குறுக்கே கடக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் எத்தனை முறை வேண்டுமானாலும் பஸ் ஏறுவேன். ஆறு மணிக்கு வெளியேற்றிவிடுவார்கள் என்பதால், சூரியன் 5.40 அளவிலேயே இறங்கிவிடும் நவம்பர், டிசம்பர் மாதங்கள்தாம் இதற்கு ஏற்றவை. சனவரி கடைசியில் போனால் வக்கா கிளம்பும்போது நீங்கள் வாசலுக்கு வெளியே நிற்பீர்கள்.

*

மழையையும் கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும். நகரத்தில் மழை மேலிருந்து விழுகிறது. ஏரியில் பக்கவாட்டில் வருகிறது. முதலில் எதிர்க்கரைப் பனைகளின் உச்சி மங்கும். பிறகு பனைகளே இல்லை. தண்ணீரின் நிறம் ஈயம்போல மாறி, அதன்மேல் ஒரு சொரசொரப்பு நம்மை நோக்கி நடந்து வரும். சத்தம் முன்னால் வரும், துளி பின்னால். அதற்குச் சற்று முன்பு ஒரு குளிர்க்காற்று முகத்தில் அடிக்கும், மழை மேகத்திலிருந்து கீழே கொட்டிய குளிர்ந்த காற்று தரையில் பட்டுப் பரவுவது அது. அப்போது மரத்தைப் பாருங்கள். ஆயிரம் கழுத்துகள் ஒரே நேரத்தில் தோளுக்குள் இறங்கும்.

“தட்டான் தாழப் பறந்தால் மழை” என்பார்கள். ஐப்பசியில் கரையெங்கும் மிதக்கும் மஞ்சள் தட்டான் பெரும்பாலும் நாடோடித் தட்டான் என்ற வகை. பருவக்காற்றின் மேலேறி, மாலத்தீவு வழியாகக் கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிற பூச்சி அது. மாலத்தீவில் இருந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் இந்தப் பயணத்தை எடுத்துக்காட்டினார். கொசு பிடிக்கிறது என்று நாம் பார்த்துச் சிரித்த ஒரு விரல்நீளப் பூச்சி பயணத்துக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஏரியில் எதுவும் சும்மா பறப்பதில்லை.

இதையெல்லாம் பார்க்க என்ன வேண்டும்? பைனாகுலர் என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை கொண்டது போதும். பத்து மடங்கில் கைநடுக்கமும் பத்து மடங்கு. அகன்ற வில்லை அந்தியின் மங்கல் வெளிச்சத்தில் கைகொடுக்கும். அதைவிட முக்கியமானது ஒரே இடத்தில் நிற்கும் பழக்கம். மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்கிறேன். எழுத்தாளர் மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதினார். தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார், ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில். அரிய விலங்கைத் தேடி அலைவதைவிட, தினமும் காணும் உயிரை நுணுக்கமாகப் பார்ப்பதே அவர் எழுத்தின் சுவை. தலைப்பிலேயே மழையும் பறவையும் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு கருவி, பெயர்கள். முக்குளிப்பான், பாம்புத்தாரா, நாமக்கோழி, நத்தைகுத்தி, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், ஆள்காட்டி. இவற்றைச் சூட்டியவர்கள் பைனாகுலர் வைத்திருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பெயரும் ஒரு கவனிப்பு. உடம்பை நீருக்குள் ஒளித்துக் கழுத்தை மட்டும் நெளியவிட்டு நீந்தும் பறவையை ஒருவன் பார்த்து, திடுக்கிட்டு, பிறகு சிரித்திருந்தால்தான் பாம்புத்தாரா என்ற பெயர் பிறக்கும். வயல்வரப்பில் யார் நடந்தாலும் கத்தி ஊருக்குச் சொல்லும் பறவைக்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்தவனை ஒருமுறையாவது அது காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். பெயரே பாதிப் பாடம்.

*

எல்லா ஆண்டும் நல்ல ஆண்டல்ல. 2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடுத்த ஆண்டே, டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தும்கூட, வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 சதவீதம் பொய்த்தது. ஒரு புயல் வேறு, ஒரு பருவம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நாரை புயலை நம்பிக் கூடு கட்டுவதில்லை. மரத்தடியில் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்குமா என்பதுதான் அதன் கேள்வி. அந்தத் தண்ணீர்தான் பூனையும் கீரியும் மரமேறாமல் தடுக்கும் அகழி. அகழி வற்றினால் கோட்டையைக் காலி செய்துவிடும்.

தண்ணீர் இல்லாத ஒரு தை மாதத்திலும் நான் அந்தக் கரையில் நின்றிருக்கிறேன். வெடித்த களிமண், எச்சத்தால் வெளுத்த கிளைகள், போன ஆண்டுக் கூடுகளின் மிச்சம். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். எனக்கென்னவோ அதுவும் பார்க்க வேண்டிய காட்சியாகவே பட்டது. நிறைந்த ஏரியில் பறவையைப் பார்க்கிறோம். வறண்ட ஏரியில்தான் பறவைக்கு எது தேவை என்று பார்க்கிறோம். ஒரு கீற்றுத் தண்ணீர் தேங்கிய மூலையில் ஒற்றை மடையான் அசையாமல் நின்றிருந்தது. அதுவும் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு சொல். கார்த்திகை பிறந்த பிறகு, வாரநாளில், மதியம் மூன்று மணிக்குப் போங்கள். கதவு சாத்தும் வரை இருங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம், பாட்டுப் பெட்டி வேண்டாம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. நாம் மூன்று மணி நேரம் குரலைத் தாழ்த்திக்கொள்வது பெரிய தியாகமல்ல. பைனாகுலர் இல்லாவிட்டாலும் போங்கள், காற்றின் திசையை வெறுங்கண்ணாலேயே படிக்கலாம். மரத்து முகங்கள் கிழக்கே திரும்பியிருந்தால் மட்டும் மறக்காமல் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.